கோல் பிடித்தவரும் கணக்கு எழுதியவரும்

நிலம் அளக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வயலில் இறங்கிக் கோலைப் புரட்டிப் புரட்டி வைத்துக்கொண்டே போவார். இன்னொருவர் வரப்பில் நின்று எண்ணிக்கையை ஓலையில் குறித்துக்கொள்வார். நம் கிராமங்களில் முதல் வேலை வெட்டியான், தலையாரி என்று ஊர் அழைத்த கடைநிலை ஊழியர்களுடையது. இரண்டாவது வேலை கணக்குப்பிள்ளையுடையது. கோல் பிடித்தவரின் பிள்ளைக்குத் திண்ணைப் பள்ளியில் இடம் கிடைத்தது அபூர்வம். கணக்கு எழுதியவரின் பிள்ளைக்குக் கோலைத் தொட வேண்டிய தேவை வந்ததும் அபூர்வம்.

விகிதத்தையும் விகித சமத்தையும் வெளியில் அளந்து கற்பிக்கலாம் என்று ஆசிரியர் பயிற்சிகளில் இன்று புதுமையாகச் சொல்கிறார்கள். அளவும் விகிதமும் சேலம் சீமையின் மண்ணில் எப்போதும் இருந்தவைதான். ஆனாலும் அவை எல்லாப் பிள்ளைகளுக்குமான பாடமாக ஏன் ஆகவில்லை? அளக்கும் கையும் கணக்குப் போடும் கையும் இங்கே நெடுங்காலம் வெவ்வேறு ஆட்களுடையவையாக இருந்தன என்பதே என் பதில். அந்தப் பிரிவின் வரலாற்றையும், அது எங்கெங்கே உடைந்தது என்பதையும் எழுதுகிறேன்.

நான் சூரமங்கலத்தில் வளர்ந்தவள். இங்கேயே ஒரு நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். வெளியூர்க்காரர்கள் சேலம் ஜங்ஷன் என்று இறங்குவது எங்கள் சூரமங்கலத்தில்தான். சென்னையிலிருந்து போட்ட ரயில் பாதை 1860-களின் தொடக்கத்தில் எங்கள் ஊரைக் கடந்து மேற்குக் கடற்கரையின் பேப்பூர் வரை போனது. என் அப்பா அந்தப் பாதையில் கேங்மேன். அவரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன் கோலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கோலும் குழியும்

சோழநாட்டில் ராஜராஜன் காலத்தில், 1001ஆம் ஆண்டை ஒட்டி, நிலம் முழுக்க அளக்கப்பட்டது. முதலாம் குலோத்துங்கன் காலத்தில் 1086இல் மறுபடி அளந்தார்கள். கல்வெட்டுகளில் பன்னிரண்டு சாண் கோல், பதினாறு சாண் கோல் என்று பல கோல்கள் வருகின்றன. ஒரு கோல் நீளமும் ஒரு கோல் அகலமும் உள்ள சதுரம் ஒரு குழி. பிற்காலத் தஞ்சை வழக்கில் கோல் பன்னிரண்டு அடி. குழி 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா. இருபது மா ஒரு வேலி. இன்றைய செண்ட் 435.6 சதுர அடி என்பதால் மூன்று குழியை ஒரு செண்ட் என்று வைத்துக்கொண்டால் பெரிய பிழை வராது.

கோலின் நீளம் மாறினால் குழி என்ன ஆகும்? பன்னிரண்டு சாண் கோலுக்கும் பதினாறு சாண் கோலுக்கும் நீள விகிதம் 3:4. பரப்பு விகிதமோ 9:16. அதாவது பெரிய கோலால் அளந்து ஒன்பது குழி வந்த அதே நிலம், சின்னக் கோலால் அளந்தால் பதினாறு குழி. குழிக்கு இவ்வளவு நெல் என்று வரி விதிக்கும் ஊரில் கோலைக் கால்பங்கு குறைத்தால் வரி முக்கால் பங்குக்கு மேல் ஏறிவிடும். பல கோயில் சுவர்களில் அளவுகோலின் நீளத்தையே கோடாக வெட்டி, இரு முனையிலும் குறி போட்டு வைத்திருப்பதன் காரணம் இதுதான். யார் வந்து அளந்தாலும் ஊரார் அந்தக் கோட்டில் கோலை வைத்துச் சரிபார்க்க முடிந்தது. விகிதத்தை அறிந்த ஊர் தன் நெல்லைக் காத்துக்கொண்டது.

தஞ்சைப் பெரிய கோயில் காலத்துக் கணக்கில் வேலியின் மிக நுண்ணிய பங்குகள் வருகின்றன. 52,428,800,000-இல் ஒரு பங்கு வரை பின்னம் போயிருக்கிறது என்று கல்வெட்டு ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். தஞ்சை வேலியின் அளவைக் கொண்டு நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏறத்தாழ அரை சதுர மில்லிமீட்டர் வருகிறது. ஒரு கடுகு உட்காரும் இடம்கூட இல்லை. எந்தக் கோலாலும் அதை அளந்திருக்க முடியாது. வரப்பில் நின்றவரின் கணக்கு வயலில் நின்றவரின் கோலைவிட்டு எவ்வளவு தூரம் விலகிப்போனது என்பதை அந்த எண் காட்டுகிறது. கணக்கின் திறமை அது. பிரிவின் தொடக்கமும் அதுவே என்று எனக்குத் தோன்றுகிறது.

திண்ணையில் படித்தது

திண்ணைப் பள்ளியில் பிள்ளை முதலில் மணலில் விரலால் எழுதினான். பிறகு எண்சுவடி. இன்று அதை வாய்ப்பாட்டுப் புத்தகம் என்று மட்டும் நினைக்கிறோம். அன்று அதற்குள் ஊரின் எல்லா அளவுகளும் இருந்தன. முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, மா இருபதில் ஒன்று, மாகாணி பதினாறில் ஒன்று என்று பின்னங்கள் ஏறிக்கொண்டே போகும். நெல்லிலக்கம் தானியத்துக்கு: இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம். பொன்னிலக்கம் தங்கத்துக்கு. குழிமாற்று நிலத்துக்கு: இத்தனை கோல் பக்கமுள்ள சதுரம் இத்தனை குழி என்று வரிசையாகச் சொல்லும்.

இதை வெறும் உருப்போடுதல் என்று பல காலம் ஒதுக்கிவிட்டோம். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த வரலாற்றாய்வாளர் செந்தில் பாபு, தென்னிந்திய எண்களையும் அளவுகளையும் பற்றி 2022இல் வெளிவந்த தம் நூலில், அந்தப் பள்ளி நினைவையே ஒரு கருவியாகப் பழக்கியது என்று காட்டுகிறார். எனக்கும் அது சரியென்றே படுகிறது. எழுதி வைக்கத் தாள் இல்லாத களத்துமேட்டில் தலைக்குள் இருக்கும் அட்டவணைதான் கைகொடுக்கும்.

அளவுகளிலிருந்து விகிதத்துக்குப் போகக் கணக்கதிகாரம் இருந்தது. காரிநாயனார் இயற்றியதாகச் சொல்லப்படும் நூல். நிலம், பொன், நெல், கல் என்று பொருள் வாரியாகக் கணக்குகளை அடுக்கும். மூன்று அளவு தெரிந்தால் நான்காவதைக் காணும் திரைராசிகத்தை ஆரியபட்டர் 499இல் எழுதிய நூலிலேயே சொல்லியிருக்கிறார். அதே வழி தமிழ்க் கணக்குகளில் நெல்லாகவும் கூலியாகவும் பொன்னாகவும் வருகிறது. கணக்கதிகாரத்தில் எல்லோரும் அறிந்த ஒன்று பலாப்பழக் கணக்கு. பழத்தை அறுக்காமலே சுளை எத்தனை என்று சொல்ல வேண்டும். காம்பைச் சுற்றியுள்ள முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் சுளைகளின் எண்ணிக்கை என்கிறது நூல். முள்ளுக்கும் சுளைக்கும் 5:6.

ஆக, அந்தத் திண்ணை அளவுகள் நிறைந்த இடம். ஆனால் அங்கே யார் உட்கார்ந்தார்கள்? பெண்பிள்ளைகள் மிகச் சிலர். கோல் பிடித்தவரின் வீட்டுப் பிள்ளைகள் அநேகமாக இல்லை. உட்கார்ந்திருந்தவர்களும் பெரும்பாலும் கணக்கெழுதும் வேலைக்கும் வியாபாரத்துக்கும் போகப்போகிறவர்கள். அவர்களுக்குக் குழிமாற்று தெரியும். குழியை மண்ணில் போட்டுப் பார்த்தவர்கள் அவர்களில் எத்தனை பேர் இருப்பார்கள்?

சங்கிலி வந்தது

1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் சேலத்தையும் பாரமகாலையும் கும்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். அலெக்சாண்டர் ரீடு பொறுப்பேற்றார். அவருக்குத் துணையாக வந்தவர்கள் கிரஹாம், மெக்லியாட், தாமஸ் மன்றோ ஆகிய மூன்று ராணுவ அதிகாரிகள். மன்றோ தருமபுரியில் இருந்தார். 1799 வரை அவர்கள் ஊர் ஊராக, வயல் வயலாக நிலம் அளந்தார்கள். உழுபவரிடம் நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறை இங்கேதான் வேர்விட்டது. அளவுக்குத் தலைமை வெள்ளைக்காரர்கள். வெயிலில் இழுத்தவர்கள் உள்ளூர்க்காரர்கள்.

பிற்கால நில அளவில் நிலைத்துப்போன குண்டர் சங்கிலி விகிதத்தையே நம்பிச் செய்த கருவி. எட்மண்ட் குண்டர் 1620இல் அமைத்தது. நீளம் 66 அடி, நூறு கண்ணிகள். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். எனவே ஆயிரம் சதுரக் கண்ணி ஒரு செண்ட். நீளத்தையும் அகலத்தையும் கண்ணியில் எண்ணிப் பெருக்கி, மூன்று இலக்கம் தள்ளிப் புள்ளி வைத்தால் செண்ட் கையில் வந்துவிடும். சங்கிலியை இழுத்தவருக்கு யாராவது இதைச் சொல்லியிருந்தால் அவரே கணக்கை முடித்திருப்பார். சொல்லவில்லை.

இதே ஆண்டுகளில் சென்னையில் நடந்த இரண்டு காரியங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1789இல் எழும்பூர் ஆண் அனாதைப் பிள்ளைகள் விடுதிக்கு ஆண்ட்ரூ பெல் கண்காணிப்பாளரானார். உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத் தம் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்தார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் சட்டாம்பிள்ளை முறையையும் வளர்த்தெடுத்தார். 1797இல் லண்டனில் அதைப் பற்றிச் சிறு நூல் வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது உலகம் சுற்றியது. 1794இல் அதே விடுதிப் பிள்ளைகள் எட்டுப் பேரைக் கொண்டு மைக்கேல் டாப்பிங் சென்னையில் ஒரு நில அளவைப் பள்ளியைத் தொடங்கினார். கிண்டி பொறியியல் கல்லூரியின் வேர் அதுதான்.

ஒரே விடுதியின் பிள்ளைகள். ஒரு பக்கம் மணலில் எழுத்து. இன்னொரு பக்கம் வெளியில் அளவு. உலகம் சுற்றிய முறையில் மணல் போயிற்று, சட்டாம்பிள்ளை போனான்; சங்கிலியும் மரக்காலும் போகவில்லை. வெளியே போய் அளப்பது சர்வேயர் ஆகப்போகிறவனுக்கு உரிய தொழிற்பயிற்சி என்றும், சாதாரணப் பிள்ளைக்கு எழுத்தும் எண்ணும் போதும் என்றும் ஒரு கோடு அப்போதே விழுந்துவிட்டது.

1802இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீள அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்தார். ஒரு பக்கத்தை மட்டும் தரையில் அளந்துவிட்டு, மற்றவற்றைக் கோணங்களைக் கொண்டு முக்கோணம் முக்கோணமாகக் கணக்கிட்டுப் போவது அவருடைய முறை. இந்தியாவின் முதுகெலும்பு போல அவர் கொண்டுபோன பெருவில் 78ஆம் தீர்க்கரேகையை ஒட்டியது. அந்த ரேகை சூரமங்கலத்துக்கு மேற்கே ஏறத்தாழ பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் போகிறது. உலகத்தின் மாபெரும் விகிதக் கணக்குகளில் ஒன்று எங்கள் ஊரின் ஓரமாக நடந்தது என்பதை என் மாணவர்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் சொல்லியிருக்கிறேன்.

மன்றோ பின்னாளில் சென்னை கவர்னரானார். தருமபுரியில் வயல்களை அளந்தவர் 1822இல் பள்ளிகளை எண்ணச் சொன்னார். மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள் என்று கணக்கு வந்தது. அவை அந்தக் காலத்துக்குக் குறைந்த எண்ணிக்கை அல்ல. ஆனால் நூற்றாண்டின் பிற்பகுதியில், பிள்ளைகளின் தேர்ச்சியைப் பார்த்து மானியம் கொடுக்கும் முறை வந்தபோது, இன்ஸ்பெக்டர் வந்து நிற்கும் ஒரு மணி நேரத்தில் சிலேட்டில் காட்டக்கூடியதே கல்வி என்றானது. நெல்லும் குழியும் மெல்ல விலகின. புத்தகத்தில் பவுனும் ஷில்லிங்கும் நுழைந்தன.

பாவடியும் தக்ளியும்

அளவு பள்ளியைவிட்டுப் போனாலும் தெருவைவிட்டுப் போகவில்லை. சேலம் நெசவாளர் பகுதிகளில் பாவடி என்று திறந்த வெளிகள் உண்டு. விடியற்காலையில் பாவை நீட்டிக் கட்டிக் கஞ்சி போட்டுக் காயவைக்கும் இடம். அங்கே நின்று கேட்டால் நாற்பதாம் நம்பர், அறுபதாம் நம்பர் என்று நூலைச் சொல்வார்கள். நம்பர் கூடினால் நூல் மெலியும். 840 கஜம் ஒரு கழி. ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை கழி நிற்கிறதோ அதுவே நம்பர். நாற்பதாம் நம்பர் நூல் ஒரு பவுண்டு வாங்கினால் 33,600 கஜம். எண்பதாம் நம்பர் என்றால் அதே எடைக்கு இரண்டு மடங்கு நீளம், அதே நீளத்துக்குப் பாதி எடை. நேர் விகிதமும் எதிர் விகிதமும் ஒரே கழியில் கிடக்கின்றன. நெசவாளர் வீட்டுப் பிள்ளை பத்து வயதில் இதை விரலால் தடவியே சொல்லிவிடும்.

இந்த அறிவைப் பள்ளிக்குள் கொண்டுவர ஒரு பெரிய முயற்சி நடந்தது. 1925இல் ராஜாஜி திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். கதர் எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்குள் நுழைந்தது. 1937இல் வார்தாவில் காந்தி ஆதாரக் கல்வியை முன்வைத்தார். ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்து அதைச் சுற்றிக் கணக்கும் அறிவியலும் மொழியும் கற்க வேண்டும் என்பது அதன் சாரம். தக்ளியில் நூற்ற நூலை நீளம் அளந்து, எடை போட்டு, நம்பரைக் கண்டுபிடிப்பது ஆதாரப் பள்ளியில் கணக்குப் பாடம். எல்லாப் பிள்ளையும் நூற்க வேண்டும், எல்லாப் பிள்ளையும் கணக்கிட வேண்டும். கோலும் ஓலையும் ஒரே கையில் சேர்ந்த இடம் அது.

பிறகு வந்தது 1953. ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது தொடக்கப் பள்ளி நேரத்தைப் பாதியாக்கி, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைக் கற்கலாம் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தார். எதிர்த்தவர்கள் குலக்கல்வித் திட்டம் என்றார்கள். 1954இல் காமராஜர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. கைவிட்டது சரி என்பதே என் உறுதியான எண்ணம். சங்கிலி இழுப்பவரின் பிள்ளை சங்கிலி இழுக்கவே கற்கும் என்றால் அதில் கணக்கு எங்கே இருக்கிறது? ஆனால் அந்தக் கசப்பில் இன்னொன்றும் சேர்ந்து போய்விட்டது. கையால் செய்து கற்பது என்றாலே நம் பெற்றோருக்குச் சந்தேகம் வந்தது. பிள்ளை வெயிலில் நின்று கயிறு பிடித்தால், படிக்க அனுப்பினோமா கூலிக்கு அனுப்பினோமா என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால் பல தலைமுறைக் காயம் இருக்கிறது. ஆசிரியர்கள் அதை மதித்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

1957 ஏப்ரலில் நயா பைசா வந்தது. ரூபாய்க்குப் பதினாறு அணா போனது. அதோடு மாகாணியும் அரைக்காலும் அன்றாடக் கணக்கிலிருந்து நழுவின. அடுத்த சில ஆண்டுகளில் மீட்டரும் கிலோவும் வந்தன. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு கர்ணம், மணியக்காரர் முதலிய பழைய கிராம அதிகாரிப் பதவிகளை ஒழித்தது. தேர்வு எழுதி வரும் கிராம நிர்வாக அலுவலர் அந்த இடத்துக்கு வந்தார். வரப்பில் நிற்கும் வேலை பிறப்பால் வருவது நின்றது. நம் கணக்குப் பாடத்தின் வரலாற்றில் இதை ஒரு முக்கியமான ஆண்டாக நான் வைக்கிறேன்.

அப்பாவின் கயிறு

கேங்மேன் வேலையில் வளைவு பார்ப்பது என்று ஒன்று உண்டு. தண்டவாளம் வளையும் இடத்தில் வண்டி போகப் போக வளைவு நெளிந்துவிடும். இருபது மீட்டர்க் கயிற்றை வெளித் தண்டவாளத்தின் உள்விளிம்பில் இரண்டு முனையிலும் ஆள் பிடிப்பார்கள். நடுவில் தண்டவாளத்துக்கும் கயிற்றுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்று அளவுகோல் வைத்துப் பார்ப்பார் மேஸ்திரி. இன்ஸ்பெக்டர் எழுதிக்கொள்வார். அப்பா கயிற்று முனை. சாப்பாட்டுத் தூக்கோடு போகும்போது தள்ளி நின்று பார்த்திருக்கிறேன். “கயிறு தளரக் கூடாது கண்ணு, தளர்ந்தா நெசம் தெரியாது” என்பார். “நடுவுல எடம் கூடக் கூட வளைவு கெட்டி” என்பார்.

அதற்குள் இருக்கும் கணக்கைப் பின்னாளில் நான் போட்டுப் பார்த்தேன். நாண் நீளத்தின் வர்க்கத்தை, நடு இடைவெளியின் எட்டு மடங்கால் வகுத்தால் வளைவின் ஆரம். இருபது மீட்டர் நாணுக்கு, ஐம்பதாயிரத்தை இடைவெளியின் மில்லிமீட்டரால் வகுத்தால் ஆரம் மீட்டரில் வரும். இடைவெளி 50 மில்லிமீட்டர் என்றால் ஆரம் 1000 மீட்டர். 100 என்றால் 500 மீட்டர். இடைவெளி இரட்டித்தால் ஆரம் பாதி. எதிர் விகிதம். அப்பாவுக்கு அந்த உறவு கையில் இருந்தது. நோட்டு மட்டும் அவர் பக்கம் வந்ததில்லை.

ஆறாம் வகுப்பு முதல் பருவப் புத்தகத்தில் விகிதம், விகித சமம் வருகிறது. வகுப்பறைக்குள் அதை நடத்தும்போது ஒரே தவறு திரும்பத் திரும்ப வரும். பிள்ளைகள் பெருக்க வேண்டிய இடத்தில் கூட்டுவார்கள். ஒரு மீட்டர்க் குச்சிக்கு அறுபது சென்டிமீட்டர் நிழல் என்றால் இரண்டு மீட்டர்க் குச்சிக்கு எவ்வளவு? குச்சி ஒரு மீட்டர் கூடியது, ஆகவே நிழலும் ஒரு மீட்டர் கூடும், ஒன்று அறுபது என்பார்கள். கரும்பலகையில் எத்தனை முறை திருத்தினாலும் அடுத்த வாரம் அதே விடை வரும். வெளியே கூட்டிப்போய் இரண்டு குச்சிகளையும் நட்டால் நிழல் ஒன்று இருபதில் நிற்கும். அதன்பிறகு அந்தத் தவறு பெருமளவு மறைந்துவிடும். அப்புறம் வேப்பமரத்தின் உயரத்தை அவர்களே நிழலை வைத்துக் கண்டுபிடிப்பார்கள். ஏப்ரல் 20-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 22-ஐ ஒட்டியும் எங்கள் ஊரில் உச்சிவேளையில் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்துவிடும். “டீச்சர், நெழல காணோம்!” என்று கத்துவார்கள். இந்தப் பாடத்துக்குக் காலை ஒன்பது மணிதான் ஏற்றது.

கோல் கணக்கை இப்படி நடத்துவேன். மைதானத்தில் 3.6 மீட்டர் பக்கமுள்ள சதுரம். ஒரு குழுவிடம் 120 சென்டிமீட்டர்க் குச்சி, மறு குழுவிடம் 90 சென்டிமீட்டர்க் குச்சி. முதல் குழு ஒன்பது குழி என்று சொல்லும். இரண்டாவது குழு பதினாறு என்று சொல்லும். குழிக்கு ஒரு படி நெல் வரி என்றதும் சண்டை தொடங்கும். குச்சி 3:4 தானே, வரி எப்படி 9:16 ஆகும் என்று அவர்களே கேட்பார்கள். கோயில் சுவரில் கோலை வெட்டி வைத்த கதையைச் சொல்ல அதுதான் நேரம்.

சரிவுக்குக் கொத்தனாரின் நீர்மட்டக் குழாய். ரயில் பாதை ஓரத்தில் சரிவுப் பலகை உண்டு. ஒரு கை ஏற்றத்தையும் ஒரு கை இறக்கத்தையும் காட்டும். கையில் எழுதிய எண், அத்தனை அளவு நீளத்துக்கு ஓர் அளவு ஏற்றம் என்று பொருள். பாதைக்குள் பிள்ளைகளைக் கொண்டுபோக முடியாது. பள்ளி வாசல் சாலையிலேயே பத்து மீட்டருக்குக் குழாயைப் பிடிப்போம். நீர்மட்டம் எட்டு சென்டிமீட்டர் வித்தியாசம் காட்டினால் சரிவு 1:125.

அப்பாவின் கயிறும் பாடமானது. மைதானத்தில் ஐந்து மீட்டர் ஆரத்திலும் பத்து மீட்டர் ஆரத்திலும் வட்டம் போடுவோம். இரண்டு மீட்டர்க் கயிற்றை இரண்டு வட்டத்தின் மேலும் நீட்டினால் முதல் வட்டத்தில் நடு இடைவெளி பத்து சென்டிமீட்டர், இரண்டாவதில் ஐந்து. எதிர் விகிதத்தை அதைவிடத் தெளிவாக எந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை.

பலா வரும் பருவத்தில் சூரமங்கலம் உழவர் சந்தையில் ஒரு பழம் வாங்கிக் கணக்கதிகாரத்தைச் சோதிப்போம். முள்ளை எண்ணி முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டு அறுப்போம். சில பழங்களில் விடை நெருங்கி வரும், சிலவற்றில் தள்ளிப்போகும். குச்சிக்கும் நிழலுக்கும் உள்ள விகிதம் தவறாது. முள்ளுக்கும் சுளைக்கும் உள்ளது உத்தேசம். இரண்டையும் பிரித்தறிவதும் கணக்குதான். சுளையைப் பங்கிடும்போது இன்னொரு விகிதக் கணக்கு தானாக நடக்கும்.

எல்லாப் பாடத்துக்கும் ஒரு கட்டளை வைத்திருந்தேன். கயிறு பிடித்த பிள்ளை அடுத்த முறை நோட்டுப் பிடிக்க வேண்டும். நோட்டுப் பிடித்த பிள்ளை கயிற்றுக்குப் போக வேண்டும். விட்டுவிட்டால் கெட்டிக்காரப் பிள்ளைகள் நோட்டை வாங்கிக்கொள்வார்கள், கூச்சமுள்ள பிள்ளைகள் கயிற்றோடு நின்றுவிடுவார்கள். பையன்கள் ஓடி அளப்பார்கள், பெண்பிள்ளைகளிடம் அழகாக எழுதச் சொல்வார்கள். பல நூற்றாண்டுப் பழக்கம் ஒரு மைதானத்தில் ஐந்து நிமிடத்தில் மறுபடி முளைத்துவிடும். சுற்றை மாற்றிக்கொண்டே இருப்பதுதான் ஆசிரியரின் முக்கிய வேலை. “எம்புள்ளைய ஏன் கயிறு புடிக்கச் சொல்றீங்க?” என்று கேட்டு வந்த அம்மாக்களிடம் அதே பிள்ளை எழுதிய நோட்டைக் காட்டுவேன். ஒருவரும் மறுத்ததில்லை.

செயல்வழிக் கற்றல் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-08இல் மாநிலம் முழுவதும் தொடக்க வகுப்புகளுக்கு வந்தது. அட்டைகளும் மணிகளும் வகுப்பறைக்குள் வந்தது நல்லதே. ஆனால் விகிதத்துக்கு அட்டை போதாது. அட்டையில் எல்லா விடையும் முழு எண்ணாக வரும்; மைதானத்தில் கயிறு தளரும், குழாயில் காற்றுக் குமிழி நிற்கும், இரண்டு குழுவின் விடை ஒத்துவராது. ஏன் ஒத்துவரவில்லை என்று பேசும்போதுதான் பிள்ளை அளவை நம்பவும் சந்தேகிக்கவும் கற்கிறது. நாளைக்குப் பத்திரத்தில் போட்ட செண்டும் மண்ணில் உள்ள செண்டும் ஒன்றா என்று கேட்கப்போகிற பிள்ளை அது. சிமென்டும் மணலும் 1:6 என்று பேசிவிட்டு எட்டுச் சட்டி மணல் கொட்டினால் நிறுத்தி எண்ணப்போகிற பிள்ளையும் அதுதான்.

இதற்குப் பெரிய செலவு இல்லை. ஒரு முப்பது மீட்டர் டேப், நைலான் கயிறு, நீர்மட்டக் குழாய், நாலு குச்சி, சுண்ணாம்புப் பொடி. ஆறாம், ஏழாம் வகுப்புக் கால அட்டவணையில் வாரத்துக்கு இரண்டு பாடவேளையைச் சேர்த்துக் கொடுத்தால் போதும். சூத்திரத்தைக் கடைசியில் சொல்லுங்கள். முதலில் அளக்கட்டும், பிறகு எழுதட்டும், அதன்பின் தங்களுக்குள் வாதாடட்டும். கணக்கு வராது என்று ஒதுக்கிவைத்த பிள்ளைகளில் பலருக்கு மைதானத்தில் கணக்கு வந்ததை நான் கண்டிருக்கிறேன். அளக்கவும் எழுதவும் ஒருசேர விட்டதால் வந்தது. எந்த ஊர்ப் பள்ளியிலும், இந்த வாரமே இதைத் தொடங்கலாம்.